ஊருக்குக் கஷாயம் போட்டவள்

காலை பதினோரு மணிக்கு மேல் த்ரிசலாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. புருஷனை வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வந்தவள் கூடத்தில் உட்காரமாட்டாள், நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். கூடத்தில் உட்கார்ந்து சொல்கிற விஷயமா அது? ஒருத்திக்கு மாதத்தில் இரண்டு முறை வருகிறது, ஒருத்திக்கு மூன்று மாதமாக வரவேயில்லை. ஒருத்திக்கு வெள்ளைப்படுதல், ஒருத்திக்கு இடுப்பு விட்டுப்போகிற வலி. ஐம்பதை நெருங்குகிறவளுக்கோ, நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் எரிந்து, ரவிக்கை தொப்பலாக நனைந்து, அடுத்த நிமிஷம் குளிரெடுக்கும். இதைப் புருஷனிடம் சொன்னால், ஃபேனை ஐந்தில் வை என்பான். மாமியாரிடம் சொன்னால், ஊர் உலகத்தில் இல்லாத அதிசயம் உனக்கு வந்துவிட்டதா என்பாள். த்ரிசலாவிடம் சொன்னால் அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.

அந்தத் தண்ணீர் கொதித்துச் சுண்டுகிற நேரம்தான் அவள் வைத்தியத்தில் முக்கால்வாசி. சுக்கும் மிளகும் சீரகமும் தனியாவும் கொதிக்கிற வரைக்கும் வந்தவள் பேசிக்கொண்டிருப்பாள். த்ரிசலா குறுக்கே பேசமாட்டாள். உம் கொட்டுவாள், நடுவில் எப்போதாவது, "எப்பலேர்ந்து?" என்பாள். கஷாயத்தை இறக்கும்போது பாதி வியாதியும் இறங்கியிருக்கும். மீதிக்கு ராத்திரி ஊறவைத்த வெந்தயம், கருப்பு உளுந்தை வறுத்து அரைத்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய களி, எள்ளுருண்டை, வாழைப்பூ, முருங்கைக்கீரை. சூட்டுக்கு, கற்றாழைச் சோற்றைக் கசப்புப் போக அலசி மோரில் அடித்துக் குடிக்க வேண்டும். காப்பி கம்மி, காரம் கம்மி. தினம் ஒரு நடை நடக்க வேண்டும். "மலையச் சுத்த வேணாம், தெருவச் சுத்து, போதும்" என்பாள்.

இதையெல்லாம் அவள் எங்கும் போய்ப் படித்துவிட்டு வரவில்லை. நாற்பது வயதில் அவளுக்கே மாதவிலக்கில் ரத்தம் நிற்காத பெரும்பாடு வந்து, ஒரு டாக்டர் விடாமல் அலைந்து, கீழ்பென்னாத்தூரில் ஒரு வைத்தியரிடம் லேகியம் தின்று, கடைசியில் எது கேட்டது என்றே தெரியாமல் நின்றது. அப்போது காதில் விழுந்தது கொஞ்சம், செல்போன் வீடியோவில் பார்த்தது கொஞ்சம். ஒருத்திக்குப் பலித்ததை இன்னொருத்திக்குச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் கட்டுப்பாடு ஒன்று வைத்திருந்தாள். மாரில் கட்டி என்றாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, முழுசாக நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலோ அடுப்பையே பற்றவைக்கமாட்டாள்.

"இதுக்குக் கஷாயம் கிடையாதும்மா. புடவை மாத்திக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

போலாம் என்றால் நீ போ என்று அர்த்தமில்லை. அவளே ஆட்டோவில் கூட ஏறி உட்கார்ந்துவிடுவாள். பெண்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற நர்ஸ் தென்றலுக்கு அவளைப் பெயர் சொல்லித் தெரியும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவள் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு, ஸ்கேன் எடுத்து வருகிறவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுவிட்டுத் திரும்புவாள்.

அவளுக்கு என்ன உடம்பு என்று கேட்டவர் மட்டும் யாருமில்லை. கேட்காததைப் பெரிய குற்றம் என்று சொல்லிவிட முடியாது. மருந்துக்கடைக்காரனுக்குக் காய்ச்சல் வருமா என்று யார்தான் யோசிக்கிறார்கள்?

த்ரிசலா நயினார் வீட்டுப் பெண். இந்தப் பக்கத்துச் சமணர்களை அப்படித்தான் சொல்வார்கள். வீட்டுக்காரர் தன்யகுமார் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர், ரிட்டயர் ஆவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் அனந்த் புனேவில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்போனில் முகம் காட்டுவான். மற்ற நாட்களில் பதினோரு மணிக்கு வருகிறவர்கள் ஒரு மணிக்குப் போய்விட்டால், மறுநாள் விடிகிற வரைக்கும் அந்த வீட்டில் பேச்சுக் குரல் என்றால் அது டிவியில் வருவதுதான்.

வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம், ஊர் ஊராக நடந்தே போகிற ஒரு துறவி இந்தப் பக்கம் வந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு விரதம் எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் சோறு இல்லை என்பது அவர்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள பழக்கம், அவள் தண்ணீரையும் விட்டாள். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதையும் தொடுவதில்லை என்பது இரண்டாவது. தேன் பிறந்ததிலிருந்தே கிடையாது. ஆகவே ஊர்ப் பெண்களுக்கு, தேனில் குழைத்துச் சாப்பிடு என்பாள், தனக்குப் பனங்கற்கண்டு. அத்திப்பழம் நல்லது என்பாள், அதுவும் அவர்களுக்கு ஆகாத பழம், தான் வாயில் வைக்கமாட்டாள். படுக்கைப் பக்கம் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொள், சூடு கிளம்பினால் இரண்டு மடக்குக் குடி என்பாள். அவளுக்குச் சூடு கிளம்பினால் விடிகிற வரைக்கும் நாக்கு வறண்டுதான் கிடக்கும். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்று கேலி செய்யக்கூட வீட்டில் ஆளில்லாததால், அதையும் அவளே சொல்லி அவளே சிரித்துக்கொள்வாள்.

ஐம்பதைத் தாண்டியபோது அவளுக்கு நின்றது. நின்றதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. மாதத்தில் சில நாள் கோயில் படி மிதிக்கக்கூடாது என்ற தடை போயிற்று. அவர்களுடைய ஜினாலயத்தில் காலைப் பூஜைக்குப் பாத்திரம் விளக்கி, சந்தனம் அரைத்து, பூத் தொடுத்துக் கொடுக்க தினமும் ஒரு ஆள் தேவைப்பட்டது. "எனக்கு இனிமே லீவே கிடையாது, நான் பாத்துக்கறேன்" என்று த்ரிசலா முந்திக்கொண்டாள். பூஜை செய்கிற உபாத்தியாயரும், வருகிற நாலைந்து குடும்பங்களும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதை எடு, இதைக் கொடு என்பார்கள். அவளிடம் எதையும் சொல்லி அழாமல் சும்மா பேசுகிற மனிதர்கள் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவள் தினமும் காலையில் எழுந்தாள்.

நின்ற பிறகு வந்த சூடுதான் விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று தணிந்த சூடு அவளுக்கு ஏறிக்கொண்டே போனது. கற்றாழை, வெந்தயம், எள்ளு எல்லாம் தின்று பார்த்தாள். அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக் கைசர் ஜஹானுக்கும் அதே தொல்லை. கைசரின் வீட்டுக்காரர் பீர் முகம்மது கிரில் பட்டறை வைத்திருக்கிறார், மனுஷன் நல்லவர், ஆனால் பட்டறையில் இரும்பு காய்கிற சூட்டை விட்டால் வேறு சூடு தெரியாதவர். கைசருக்கு த்ரிசலா தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னாள். கொஞ்ச நாளில் கைசர் தூங்க ஆரம்பித்தாள். "உங்க கையில மாயம் இருக்குக்கா" என்று கும்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த பொடிப் பாக்கெட்டை, வேறு யாருக்காவது ஆகட்டும் என்று இவள் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பாக்கெட்டோடு த்ரிசலா பல நாள் வழக்காடினாள். சுக்கும் மஞ்சளும் கூட மண்ணுக்கடியில் விளைந்தவைதான். காய்ந்துவிட்டால் அவற்றுக்கு விலக்கு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் காய்ந்து பொடியான இந்தக் கிழங்குக்கும் விலக்கு உண்டா? உபாத்தியாயரைக் கேட்டிருக்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால், ஐம்பதைத் தாண்டிய பொம்பளை என்ன சொல்வது? கேட்கவில்லை. ஒரு நாள் பொழுது சாய்வதற்குள் பாலைக் காய்ச்சி, பொடியைப் போட்டு, திருட்டுப் பூனை மாதிரி அடுப்படியில் நின்றபடியே குடித்தாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். மறுநாளும் குடித்தாள்.

பாக்கெட் தீர்கிற சமயத்தில் ரத்தம் பட்டது. அவளுக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

இதே வார்த்தையை வேறு எவள் வந்து சொல்லியிருந்தாலும் த்ரிசலா அந்த நிமிஷமே புடவை மாற்றியிருப்பாள். தன் உடம்பு என்றதும் புத்தி வேறு பக்கம் போயிற்று. மற்றவர்களுக்கு வந்தால் அது நோய். தனக்கு வந்தது, தொடாதே என்றதைத் தொட்டதனால் வந்தது. அவள் மதத்தில் கோபித்துக்கொண்டு தண்டிக்கிற சாமி கிடையாது, வினைதான் உண்டு. சாமியாக இருந்தால் காலில் விழுந்து கெஞ்சலாம், ஒரு தேங்காயை உடைக்கலாம். வினையிடம் போய் என்ன பேசுவது? செய்தவள்தான் தின்று தீர்க்க வேண்டும். கிழங்குப் பொடிப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தாள். உள்ளே போன கிழங்கு வெளியே போகிற வரைக்கும் இது இருக்கும், பிறகு நின்றுவிடும் என்று முடிவு கட்டினாள். ஊர் நோயையெல்லாம் கேட்டு வைத்திருந்த அந்த மண்டையில் இப்படி ஒரு கணக்கு ஓடியது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஓடியது.

இதைவிட வேடிக்கை, அவள் விலகி உட்கார்ந்ததுதான். தீட்டு என்று வந்துவிட்டால் விலகித்தானே ஆக வேண்டும்? கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் பழக்கியபடி, பின்கட்டு அறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அப்போது சோறு போட மாமியார் இருந்தாள், எட்டி நின்று பேச வீட்டுக்காரர் இருந்தார். இப்போது யாரிடமிருந்து விலகுவது? அடுப்படிக்குள் போகக்கூடாது, போகாவிட்டால் சோறு இல்லை. போய்ச் சமைத்து, தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, பின்கட்டில் தனியாக உட்கார்ந்து, தன்னைத் தானே தள்ளிவைத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது கவளத்தில் சிரிப்பு வந்தது. மூன்றாவது கவளத்தில் தட்டைத் தள்ளிவைத்தாள்.

கோயிலுக்கும் போகவில்லை. யாராவது தேடி வருவார்கள் என்று மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. வந்தால் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது. யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு வந்த பெண்களிடம் முட்டி வலி, நிற்க முடியவில்லை என்று வாசலிலேயே கைமருந்தைச் சொல்லி அனுப்பினாள். "அப்படியாக்கா, எண்ணெ தேச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் கதையை நின்றுகொண்டே சொன்னார்கள்.

அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பௌர்ணமியென்றால் ஊரில் பால் பாக்கெட் கிடைக்காது, ஆட்டோ தெருவுக்குள் வராது. அண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலம் போக எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த ஜனம் வாசலை ஒட்டி வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, பாத்ரூம் போய்க்கலாமா?" என்று முன்பின் தெரியாத பெண்கள் கதவைத் தட்டினார்கள். வழக்கம்போல த்ரிசலா எல்லோருக்கும் திறந்துவிட்டாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். உள்ளே போய் வந்த ஒவ்வொருத்தியும், "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டு நடந்தாள். அன்றைக்கு எத்தனையோ பேர் அப்படி வாழ்த்திப் போனார்கள். நல்லா இருக்கிறாயா என்று ஒருத்தி கேட்டிருந்தால், முகம் தெரியாதவள்தானே என்று அவளிடம் சொல்லியிருப்பாள். ஒருத்தியும் கேட்கவில்லை. த்ரிசலாவுக்கு ரொம்பத் துக்கமாக இருந்தது.

ரத்தம் நின்றது. தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். "ஊருக்குப் போயிருந்தீங்களாம்மா?" என்று உபாத்தியாயர் கேட்டார். ஆமாம் என்றாள். சந்தனம் அரைக்க உட்கார்ந்தவுடன், தன் கணக்கு சரியாகிவிட்டது, வினை கழிந்துவிட்டது என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் பட்டது. இந்த முறை ஜாஸ்தி. படுக்கை விரிப்பையே அலசிப் போட வேண்டியிருந்தது. அதை மாடியில் உதறிக் காயப் போடும்போது எதிர்மாடியில் கைசர் ஜஹான் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, முட்டி வலின்னீங்க, மாடி ஏறி பெட்ஷீட்டு காயப் போடறீங்க?"

"பூனை வந்து அசிங்கம் பண்ணிட்டுதும்மா."

"பூனையா? எங்க வீட்லயும் அதே ரோதனைதான். அக்கா, எனக்கு நேத்துலேர்ந்து தலை கிர்ருனு சுத்துது, அதுக்கு இன்னா பண்ணலாம்?"

த்ரிசலா மாடியிலிருந்தபடியே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அனந்த் போனில் வந்தான். "உடம்பெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டான். த்ரிசலா வாயைத் திறந்தாள். பிள்ளையிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தேடுவதற்குள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மா, இவளுக்கு மாசாமாசம் வயித்து வலி ஜாஸ்தியா இருக்கும்மா. எதாவது சொல்லேன்." அவன் தேர்ந்தெடுத்த வார்த்தைகளைக் கேட்டபோது, பெண்டாட்டிக்காக இவ்வளவு தூரம் பேசக் கற்றுக்கொண்டானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கருப்பு எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து வைக்கச் சொன்னாள். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். போனை வைத்த பிறகு அந்தக் கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட முகம்.

அந்த வாரம் அடி அண்ணாமலையிலிருந்து அருணாதேவி என்று ஒருத்தி வந்தாள். கிரிவலப் பாதையில் டீயும் சுண்டலும் விற்கிற கடை வைத்திருக்கிறவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நின்னு மூணு வருஷம் ஆச்சுங்க. இப்ப ரெண்டு மாசமா திரும்பவும் படுது. வீட்ல யாருக்கும் சொல்லல."

த்ரிசலா தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். "ரெண்டு மாசமாவா? அடிப்பாவி, இத வெச்சிக்கினு எப்படி சும்மா இருந்த?"

"சாமி குத்தங்க. பையனுக்கு வேலை கிடைச்சா பன்னெண்டு பௌர்ணமி சுத்தறேன்னு வேண்டிக்கினேன். நாலோட நிறுத்திட்டேன். கடையில யாவாரம் வுட்டுட்டு எங்க சுத்தறது? அதான் அண்ணாமலையாரு காட்டிட்டாரு. மிச்சத்த சுத்தி முடிச்சா சரியாப் பூடும்னு..."

த்ரிசலாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏம்மா, மலையா நிக்கற சாமிக்கு வேற வேலையே இல்லையா? உன் கர்ப்பப்பையில வந்து உக்காந்துக்கினு எத்தினி பௌர்ணமி பாக்கின்னு பாத்துக்கினு இருக்குமா? உடம்புல ரத்தம் வந்தா அது உடம்புல வர்றது. அதுக்கும் வேண்டுதலுக்கும் இன்னா சம்பந்தம்? புத்தியிருக்கறவ யாராவது இப்படிக் கணக்குப் போட்டுக்கினு ஒளிஞ்சுக்கினு இருப்பாளா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே காது அடைத்தது. அருணாதேவி அழுதுகொண்டிருந்தாள். த்ரிசலா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். இவளுக்கு அண்ணாமலையார், தனக்குக் கிழங்கு. பெயர்தான் வேறு, முட்டாள்தனம் ஒன்றுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவளுக்குத் தனக்கு வந்தபோது தெரியவில்லை, இன்னொருத்தி வந்து எதிரே உட்கார்ந்து அழுதபோதுதான் தெரிந்தது.

"நான் கூட வரேன், எழுந்திரு" என்றாள்.

"வேணாங்க, பொண்ணு வாசல்ல வண்டியில இருக்கா. அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்னால சொல்ல முடியல."

வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பெண் அம்மாவின் கையைப் பிடித்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் த்ரிசலா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

மறுநாள் அவளும் போனாள். சீட்டு எழுதுகிற இடத்தில் தென்றல் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கம்மா. இன்னிக்கு யாரைக் கூட்டிக்கினு வந்திருக்கீங்க?"

"என்னைத்தான்" என்றாள் த்ரிசலா.

தென்றல் அவளுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கிப்போய், வயதைக் கேட்டு எழுதிக்கொண்டாள். த்ரிசலா பெஞ்சில் உட்கார்ந்தாள். எத்தனையோ முறை உட்கார்ந்த அதே பெஞ்சு, ஆனால் மடியில் அடுத்தவளுடைய பை இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூப்பிட்டபோது செருப்பைக் கழற்றி அவளே சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது என்றார். மயக்கம் கொடுத்து, கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், வந்த பிறகுதான் என்ன என்று சொல்ல முடியும்.

"டாக்டர், நான் கொஞ்ச நாள் தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிட்டேன். அதனால இருக்குமா?"

"அதை இனிமே தொடாதீங்க. ஆனா அதும்மேல பழியப் போட்டுட்டு உக்காராதீங்க. எதனால வந்தாலும், நின்ன பிறகு பட்டா உடனே வரணும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எல்லாரையும் இழுத்துக்கினு வருவீங்க?" டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே கோபம். "சாதாரணமா இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம். தள்ளிப் போட முடியாது. வியாழக்கிழமை காலையில வாங்க. முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து தண்ணி கூடக் குடிக்கக்கூடாது."

"அதுல எனக்குக் கஷ்டமில்ல டாக்டர்."

"கூட ஒருத்தர் கண்டிப்பா வரணும். தனியா வந்தா செய்யமாட்டோம்."

கஷ்டம் அதில்தான் இருந்தது. அனந்தைக் கூப்பிட்டால் விமானம் பிடித்து வருவான், வந்து, எதற்கம்மா என்று முகம் வெளுத்து நிற்பான். முடிவு தெரிகிறவரை அவனுக்குச் சொல்ல வேண்டாம். கோயிலில் கேட்கலாம், ஊருக்குப் போனேன் என்று பொய் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? வீடு திரும்புகிற வழியெல்லாம் தான் கூடப் போன பெண்களை நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் நல்லவர்கள். கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் யார் வீட்டுக் கதவையும் எதற்கும் தட்டியதில்லை. எல்லோருமே அவள் வீட்டுக்கு வருகிறவர்கள். கேட்கத்தான் அவளுக்குப் பழக்கமே இல்லை.

சாயங்காலம் தெருவைக் கடந்து போய்க் கைசர் ஜஹானின் கதவைத் தட்டினாள். கைசர் திறந்தாள்.

"அட, நீங்களா! நானே வரணும்னு இருந்தேங்க்கா. அல்லா அனுப்பின மாதிரி வந்துட்டீங்க. மூணு நாளா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒண்ணும் இல்லாததுக்கெல்லாம் அழுகை வருது. அவருகிட்ட எரிஞ்சு எரிஞ்சு வுழறேன், அப்புறம் நானே அழுவுறேன். பைத்தியம் புடிச்சுக்கும் போல இருக்கு."

த்ரிசலா உம் கொட்டினாள். "எப்பலேர்ந்து?" என்று அவள் வாய் தானாகக் கேட்டது. கைசர் சொன்னாள். வாசற்படியில் நின்றபடியே த்ரிசலா முழுக்கக் கேட்டாள். இந்த வயதில் அப்படித்தான் இருக்கும், பைத்தியமெல்லாம் இல்லை என்றாள். காப்பியைக் கம்மி பண்ணு, சாயங்காலம் ஒரு நடை நட, படபடப்பு விடாமல் இருந்தால் பிரஷர் பார்த்துக்கொள் என்றாள். கைசரின் முகம் தெளிந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"சரிங்க்கா, சோறு வெச்சிருக்கேன். நாளைக்கு வரேன்."

த்ரிசலா படி இறங்கினாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொரு செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது, இப்படியே போனால் வியாழக்கிழமையும் வீட்டில்தான் கிடப்போம், அதற்கடுத்த வியாழக்கிழமையும் கிடப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று.

"கைசரு."

"இன்னாக்கா?"

"நீ சொன்னதெல்லாம் நான் கேட்டேன் இல்ல? இப்ப நான் சொல்றேன். அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காரு. நடுவுல பேசாம கேளு."

கைசர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியிலேயே உட்கார்ந்தாள். த்ரிசலா பக்கத்தில் உட்கார்ந்து, கிழங்குப் பொடியிலிருந்து ஆரம்பித்தாள். ரத்தம் பட்டதை, பின்கட்டில் தனித் தட்டோடு உட்கார்ந்ததை, பூனை என்று சொன்ன பொய்யை, டாக்டர் திட்டியதை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி வருகையில் குரல் எங்கும் தடுமாறவில்லை. "எனக்குப் பயமா இருக்குடி. கூட வர ஆளில்ல" என்ற இடத்தில்தான் உடைந்தது.

கைசர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை நான் வருகிறேன், ரிசல்ட் வாங்குகிற அன்றைக்கும் வருகிறேன் என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எத்தினி வருஷமா உங்க அடுப்படியில உக்காந்து பேசியிருக்கேன். உங்களுக்கும் ஒரு உடம்பு இருக்குன்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணலையேக்கா."

"எனக்கே இப்பத்தான் தோணிச்சு" என்றாள் த்ரிசலா.